குறியும் வலியும்: சகாரி கோப்பின் வயிற்று நோயறிதல் நூல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலேய அறுவை மருத்துவர் சகாரி கோப் 1921இல் வெளியிட்ட கடும் வயிற்று நோய்களின் தொடக்கநிலை நோயறிதல் குறித்த நூல், மருத்துவ மாணவர்களிடையே ஒரு நூற்றாண்டாகப் பயிலப்பட்டு வருகிறது. பாடநூலாக மட்டுமே அறியப்பட்ட அதனை ஓர் உரைநடைப் பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை வாசிக்கிறது. நோயாளியின் சொல்லுக்கும் மருத்துவர் தொட்டறியும் குறிக்கும் இடையே அந்நூல் அமைக்கும் உறவு, வலிநீக்க மருந்து பற்றிய அதன் நிலைப்பாடு, அதன் செய்யுள் வடிவம் ஆகியவை தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டோடும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வோடும் ஒப்பிட்டு நோக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: குறி, மெய்ப்பாடு, தொடுவலி, எண்வகைத் தேர்வு, மருத்துவச் செய்யுள், நோயாளியின் மொழி.

முன்னுரை

மருத்துவப் பாடநூல்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அவற்றில் செய்தி உண்டு, நடை இல்லை என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் சகாரி கோப்பின் (1881–1974) நூலுக்குப் பொருந்தாது. இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய கோப், முதல் உலகப் போரின்போது மெசபொத்தேமியாவில் படைமருத்துவராக இருந்தவர். பிற்காலத்தில் மருத்துவ வரலாற்றாசிரியராகவும் அறியப்பட்டவர். அவருடைய நூல் நோய்களைத் தொகுத்துரைக்கும் கலைக்களஞ்சியம் அன்று. நள்ளிரவில் ஒரு வீட்டிற்கு அழைக்கப்பட்ட மருத்துவர், படுக்கையருகே நின்று, இவ்வயிற்றைத் திறக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அந்த ஒரு கணத்திற்காக எழுதப்பட்டது. அதனால்தான் அதன் வாக்கியங்களில் ஓர் அவசரமும், அவசரத்தை அடக்கும் நிதானமும் ஒருங்கே காணப்படுகின்றன.

நூல் எழுதப்பட்ட காலத்தில் ஊடுகதிர்ப் படம் இருந்தது. எனினும் வயிற்றினுள் நிகழ்வதை அது சிறிதளவே காட்டியது. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் நெடுங்காலத்திற்குப் பின் வந்தவை. ஆகவே கண், காது, கை ஆகிய மூன்றுமே கருவிகள். நலமாக இருந்த ஒருவருக்குத் திடீரெனத் தோன்றிய கடும் வயிற்றுவலி ஆறு மணிநேரத்திற்கு மேல் நீடித்தால் அது பெரும்பாலும் அறுவை மருத்துவம் வேண்டும் நோயாகவே இருக்கும் என்ற கோப்பின் விதி மாணவர் பலரும் மனப்பாடமாக அறிந்தது. இவ்விதியில் கவனிக்கத்தக்கது, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. வலி எப்போது தொடங்கியது என்று நோயாளியைக் கேட்டாலே போதும்.

குறி, குணம், மெய்ப்பாடு

மேலை மருத்துவம் நோயின் வெளிப்பாடுகளை இரண்டாகப் பிரிக்கிறது. நோயாளி உணர்ந்து சொல்வது ஒன்று. மருத்துவர் தாமே கண்டறிவது மற்றொன்று. தமிழில் இவ்வேறுபாடு உறுதியாக நிலைபெறவில்லை. ‘அறிகுறி’ என்னும் வழக்குச்சொல் இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. சித்த மருத்துவ நூல்கள் வழங்கும் ‘குறிகுணம்’ என்பதும் இணைச்சொல்லாகவே நிற்கிறது. இதனைக் கலைச்சொல் வறுமை என்று உடனே முடிவுகட்டிவிடுதல் தகாது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வில் நோயாளியின் மொழியும் ஒரு தேர்வுப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. அவர் குரலும் பேச்சும், நாவையும் விழியையும் போலவே, மருத்துவர் ஆராய வேண்டிய உடற்கூறுகள். சொன்னது, கண்டது என்ற பிளவு அங்குக் கூர்மையடையவில்லை.

இங்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படுதல் மெய்ப்பாடு. அவ்வியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்னும் கருத்தினது. மெய்ப்பாடு தானே பேசுவதில்லை. அதனை அறியவல்ல ஒருவர் வேண்டும் என்ற அளவில் தொல்காப்பியரும் கோப்பும் ஒன்றுபடுகின்றனர். ஆயின் தொல்காப்பியர் கூறும் புலன்கள் கண்ணும் செவியும் மட்டுமே. கை அங்கு இல்லை. இவ்வேறுபாடு சிறியதன்று. கண்ணும் செவியும் காத்திருப்பவை. தானே தோன்றுவதை ஏற்பவை. கை அப்படியன்று, அது சென்று கேட்பது.

வயிற்றுச் சோதனையில் இவ்விருவகையும் உண்டு. கொப்பூழைச் சுற்றி நீலம் பாய்தல் கல்லன் குறி. விலாப்பக்கத்தில் நிறம் மாறுதல் கிரே டர்னர் குறி. இரண்டும் உள்ளே குருதி கசிந்ததைத் தோலின்மேல் எழுதிக் காட்டுபவை. இவை மெய்ப்பாடு போன்றவை. எவரும் தொடாமலே தோன்றுவன. ஆனால் ரோவ்சிங் 1907இல் விளக்கிய குறியோ வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்தும்போது வலப்பக்கம் வலிப்பது. மர்ஃபி குறி, பித்தப்பை இருக்குமிடத்தில் விரல்களை வைத்து மூச்சை உள்ளிழுக்கச் சொல்லும்போது நோயாளி வலியால் இடையிலேயே மூச்சை நிறுத்திவிடுதல். அழுத்திய கையைச் சட்டென எடுக்கும்போது வலி மிகுதல் இன்னொன்று. இவை மருத்துவர் வினவ, உடல் விடையிறுக்கும் உரையாடல்கள். விடை வலியின் மொழியில்தான் வருகிறது. நோயறிதலுக்காக வலியை உண்டாக்குதல் என்ற முரண் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கையைத் திடீரென எடுத்துச் சோதிப்பதைவிட, விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதே இரக்கமுள்ள வழி என்று பின்வந்த ஆசிரியர் பலர் கருதியமை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தட்டுதல் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வியன்னா மருத்துவர் ஔவன்புருக்கர் 1761இல் மார்பைத் தட்டி நோயறியும் முறையை நூலாக்கினார். அவர் விடுதி நடத்தியவரின் மகன். மதுப்பீப்பாயில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்திலிருந்தே இம்முறை பிறந்தது என்று வழக்கமாகக் கூறப்படுகிறது. மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் ஊரிலும் தேங்காயைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் சந்தையிலும் வளர்ந்தவர்க்கு இதில் வியப்பில்லை. கோப் இம்முறையை வயிற்றில் நுட்பமாகப் பயன்படுத்துகிறார். கல்லீரலின்மேல் தட்டினால் மந்தமான ஒலி வருவது இயல்பு. இரைப்பைப் புண் துளைபட்டு வளி வெளியேறிக் கல்லீரலுக்கு முன் சேர்ந்தால் அம்மந்த ஒலி மறைந்துவிடும். இல்லாமை ஒன்றே இங்குக் குறியாகிறது. இலக்கிய மாணவர் மௌனத்தைப் பொருளாகக் கொள்வதற்கு நிகரானது இது.

இரு கதைகள்

நூலின் ஆற்றல் அதன் கதைகூறலில் உள்ளது. இரண்டு நோய்களை அது கூறும் விதத்தை அருகருகே வைத்து நோக்கினால் இது புலனாகும்.

முதலாவது குடல்வால் அழற்சி. வலி முதலில் கொப்பூழைச் சுற்றித் தோன்றும். பிறகு குமட்டலும் வாந்தியும். பிறகே வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். காய்ச்சல் அதன் பின். காரணம் கருவளர்ச்சியில் உள்ளது. குடல்வாலின் நரம்புகள் கொப்பூழ் மட்டத்துத் தண்டுவடப் பகுதியைச் சென்றடைவதால் உள்ளுறுப்பின் வலி முதலில் அங்கே உணரப்படுகிறது. அழற்சி வயிற்றறையின் உட்சுவர் உறையைத் தொடும்போதுதான் வலி தன் உண்மையான இடத்தைக் காட்டுகிறது. மக்பர்னி 1889இல் சுட்டிய புள்ளி அவ்விடத்தின் பெயர். இந்நோயில் நிகழ்ச்சிகளின் வரிசையே நோயறிதல். வாந்தி முன்னும் வலி பின்னுமாக வந்தால் மருத்துவர் வேறு நோயையும் எண்ண வேண்டும். ஆகவே நோயாளி தன் கதையை முதலிலிருந்து முறையாகச் சொல்லுமாறு விடப்பட வேண்டும். இடையில் குறுக்கிடும் மருத்துவர் வரிசையைக் கலைத்துவிடுவார்.

இரண்டாவது, துளைபட்ட இரைப்பைப் புண். இதனை மூன்று கட்டங்களாக நூல் விரிக்கிறது. முதற்கட்டத்தில் தாங்கொணா வலி, வெளிறிய முகம், குளிர்ந்த கைகால். சில மணிநேரங்கள் கழித்து இரண்டாம் கட்டம். முகத்தில் நிறம் திரும்புகிறது, நாடி சீராகிறது, வலி குறைந்துவிட்டதாக நோயாளியே சொல்கிறார், வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். மூன்றாம் கட்டத்தில் வயிற்றறை முழுதும் அழற்சி பரவி, வயிறு உப்பி, காப்பாற்றும் வேளை கடந்துவிடுகிறது. நூலின் உச்சம் இந்த இரண்டாம் கட்டமே. அறையிலுள்ள அனைவரும் நலம் என்று நம்பும் அந்நேரத்தில் வயிறு மட்டும் பலகை போல் விறைத்தே இருக்கிறது. அதனை அறிவது வயிற்றின்மேல் வைத்த கை ஒன்றுதான். அவையோர் அறிந்ததைப் பாத்திரம் அறியாதிருக்கும் நாடக உத்தியை ஒத்தது இது. இங்கு அறிந்திருக்க வேண்டியவர் மருத்துவர்.

முதற்கதையில் நோயாளியின் சொல்லே சான்று. இரண்டாவதில் அதே சொல் ஏமாற்றுகிறது. நூலின் முரண்பாடு இது என்று ஒருவர் கூறலாம். அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. கோப் சொல்லை நம்பவும் செய்கிறார், ஐயுறவும் செய்கிறார்; எப்போது எதனைச் செய்வது என்பதற்கு உடற்கூற்றறிவை அளவுகோலாக வைக்கிறார். உதரவிதானம் உறுத்தப்படும்போது தோள்முனையில் வலி எழுவதை அவர் கையாளும் முறை இதற்குச் சான்று. வயிற்றுவலிக்காக வந்த நோயாளி தோள்வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ண அவருக்குக் காரணமில்லை. மருத்துவர் கேட்டால் மட்டுமே அச்சொல் வெளிப்படும். சொல்லும் ஒருவகையில் தொட்டறிய வேண்டிய ஒன்றே.

ஆயினும் நூல் முழுதையும் நோக்குமிடத்துக் குறியின் பக்கமே அதன் சாய்வு மிகுதி என்பதை மறுக்க இயலாது. அச்சாய்வின் விலை அடுத்த பகுதியில் தெரிகிறது.

அடக்கப்படாத வலி

நோய் இன்னதென ஓரளவேனும் தெளியும் வரை மார்பின் கொடுக்கலாகாது என்பது கோப்பின் வலுவான அறிவுரை. கொடுமையாகத் தோன்றினும் உண்மையில் அதுவே இரக்கம் என்ற பொருள்பட அவர் வாதிட்டார். வலி அடங்கினால் குறி மறையும், நோயாளியும் மருத்துவரும் ஒருசேர ஏமாறுவர், அறுவை தாமதமாகும், உயிர் போகும். 1921இல் இது வெற்றுத் தருக்கம் அன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அப்போது இல்லை. கோப் பணியாற்றிய அதே மருத்துவமனையில் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். அது நோயாளிகளை எட்டியது 1940களில். துளைபட்ட வயிற்றுடன் கழியும் ஒவ்வொரு மணிநேரமும் அன்று கணக்கில் வைக்க வேண்டியதாக இருந்தது.

சூழல் மாறியது, வாக்கியம் மாறவில்லை. குருதி மாற்றும் மயக்கவியலும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வந்த பின்னரும், வயிற்றுவலியோடு வந்தவரை அறுவை மருத்துவர் பார்க்கும்வரை வலிக்கு மருந்து தரலாகாது என்பது மருத்துவமனை வழக்கமாக நீடித்தது. பழம்பனுவல்களின் பாடமரபை ஆராய்வோர்க்கு இந்நிகழ்வு பழக்கமானது. ஒரு கூற்று தான் எழுந்த இடத்தினின்று பிரிந்து, சூத்திரமாகி, காரணம் கேட்கப்படாமல் கைமாறுகிறது. 1992இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று 100 நோயாளிகளைக் கொண்டு இதனைச் சோதித்தது. தொடக்கத்திலேயே அபின்வகை வலிநீக்கி பெற்றவர்களிடம் நோயறிதல் பிழைகள் மிகவில்லை. பின்வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் அதே முடிவிற்கே வந்தது. பதினைந்தாம் பதிப்பு முதல் நூலைத் திருத்திய அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் சைலன் தம் பதிப்புகளில் இவ்விலக்கைத் தளர்த்தினார்.

திறனாய்வு நோக்கில் கேட்க வேண்டிய வினா, கோப் தவறினாரா என்பதன்று. நோயாளியின் வலி யாருக்குரியது என்பதே. குறியின் தருக்கத்தில் வலி ஓர் எழுத்து. அதனை அழித்தால் வாசிக்க இயலாது. நோயாளிக்கோ வலி வாசிப்பதற்குரிய எழுத்து அன்று. நீங்க வேண்டிய துன்பம். அறிவதற்கு மருத்துவருக்குத் தேவைப்பட்ட ஒன்றை, அவர் வந்து சேரும்வரை, நோயாளி தம் உடம்பில் சுமந்திருக்க வேண்டியிருந்தது. வலி குறைந்த வயிற்றிலும் விறைப்பையும் தொடுவலியையும் தேர்ந்த விரல்கள் கண்டுகொள்ளும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியபோது, கையின் நுண்மையைப் போற்றிய அந்நூலே அக்கையை முழுதும் நம்பவில்லை என்பது வெளிப்பட்டது.

யாப்பில் அடங்கிய வயிறு

1947இல் ‘சீட்டா’ என்ற புனைபெயரில் கோப் இதே பொருளை எதுகை இயைந்த ஆங்கிலச் செய்யுளாக்கினார். மேலையுலகில் இது வேடிக்கை கலந்த முயற்சியாகவே பார்க்கப்பட்டது. தமிழ் வாசகர்க்கு அவ்வாறு தோன்றக் காரணமில்லை. மருத்துவம் செய்யுளில் வழங்குவதே இங்கு மரபு. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி, சிறுநீரின் மேல் இட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவைக் கொண்டு நோயுரைக்கும் முறையைச் செய்யுளில்தான் கூறுகிறது. நினைவில் நிறுத்துதல் இரு மரபிற்கும் பொதுவான நோக்கம்.

செய்யுள் வடிவம் உரைநடை நூலைவிடச் சுவையானது. நூலாக அதனினும் மெலிந்தது. கோப்பின் உரைநடையில் ‘பெரும்பாலும்’, ‘சிற்சில வேளை’ என்னும் தயக்கங்கள் வாக்கியந்தோறும் நிற்கின்றன; அத்தயக்கங்களே அதன் அறிவு. குடல்வால் இடுப்புக்குழியில் இறங்கிக் கிடந்தால் வயிற்றின் முன்சுவர் மென்மையாகவே இருக்கும், மலக்குடல் வழியே விரலிட்டுச் சோதித்தாலன்றி நோய் அகப்படாது என்பது போன்ற விலக்குகளைச் சுமக்க யாப்புக்கு இடமில்லை. இன்ன குறி, இன்ன நோய் என்று அது நேர்கோடிடுகிறது. தமிழ் மருத்துவச் செய்யுளுக்கும் இக்குறை உண்டெனினும், ஆசிரியனும் உரையும் அருகிருந்து அவ்விலக்குகளைக் கூட்டித் தந்தனர். அந்த ஆசிரியத் தொடர்பு இன்றி அச்சில் மட்டும் கிடைக்கும் சித்த மருத்துவப் பாடல்களைத் தனித்து எடுத்து, அவற்றில் நோய்க்குறிகள் முழுமையாக உள்ளன என்றோ இல்லை என்றோ வாதிடும் கட்டுரைகள் இதனைக் கருதிப் பார்த்தல் நலம்.

தமிழில் வலிக்கும் வயிறு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) தமிழ்வழியே மேலை மருத்துவம் கற்பித்து, ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலான நூல்களை உருவாக்கினார். அவ்வழி தொடரவில்லை. இன்று மருத்துவர் கற்பது ஆங்கிலத்தில். நோயாளி வலிப்பது தமிழில். நோயாளி சொல்லும் கடுப்பு, குத்தல், முறுக்கல், எரிச்சல், இழுவை, பொருமல், உப்புசம், புரட்டல் ஆகிய அனைத்தும் நோய்க்குறிப்பேட்டில் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. இச்சொற்கள் அணிநலத்திற்காக ஏற்பட்டவையல்ல. ‘முறுக்கிப் பிடித்து விட்டுவிட்டு வருகிறது’ என்பது குடலோ சிறுநீர்க்குழாயோ அடைபட்டுச் சுருங்குவதன் நேர் விவரணை. அந்நோயாளி ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் புரள்வார். ‘விடாமல் வலிக்கிறது, அசைய முடியவில்லை’ என்பது வயிற்றறை உறை அழன்றதன் விவரணை. அந்நோயாளி அசையாமல் கிடப்பார். ‘விட்டுவிட்டு’, ‘விடாமல்’ என்னும் இரு வினையெச்சங்களுக்கிடையே இரு வேறு நோய்கள் நிற்கின்றன.

இடப்பெயர்களும் அவ்வாறே. பாடநூல் வயிற்றை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறது. பேச்சுத்தமிழில் மேல்வயிறு, அடிவயிறு, தொப்புள், விலா, அள்ளை, கவுட்டி என்னும் வேறொரு நிலப்படம் உள்ளது. ‘அள்ளையில் பிடித்துக் கவுட்டிக்கு இறங்குகிறது’ என்று சொல்பவர் சிறுநீரகக் கல்லின் வலி செல்லும் பாதையைப் பிழையின்றி வரைந்துவிடுகிறார். அள்ளை எது என்று அறியாத மருத்துவருக்கு அப்படம் வெற்றுத்தாள். இச்சொற்கள் வட்டாரந்தோறும் மாறுபடுவதால் இவற்றைத் தொகுத்தல் களப்பணி வேண்டும் வேலை. நாட்டுப்புறவியல் துறைகள் வழக்காறுகளைத் தொகுத்த அளவிற்கு வலிச்சொற்களைத் தொகுக்கவில்லை.

எல்லாவற்றினும் இடர் மிக்கது கருக்குழாயில் தங்கிய கரு வெடிக்கும் நிலை. கோப்பின் நூலில் தனி இயல் பெற்ற நோய் இது. திடீர் அடிவயிற்று வலி, மயக்கம், வெளிறல், சில வேளை தோள்முனை வலி. கை இங்குப் பெரிதும் உதவுவதில்லை. உள்ளே குருதி நிறைந்திருக்கும்போதும் வயிறு பலகையாக விறைப்பதில்லை. திறவுகோல் ஒரு வினா: மாதவிலக்கு தவறியதா? மருத்துவர் பாடநூற்சொல்லால் இதனைக் கேட்கிறார். மாமியாரோ தாயோ உடன் நிற்க, அப்பெண் இல்லையென்று தலையசைக்கக்கூடும். அல்லது வினாவே விளங்காமற் போகக்கூடும். ‘நாள் தள்ளிப்போயிருக்கிறதா?’ என்றோ, மூத்த பெண்ணொருத்தி கேட்பதுபோல் ‘முழுகாமல் இருக்கிறாயா அம்மா?’ என்றோ தாழ்ந்த குரலில் வினவினால் விடை வரலாம். ‘முழுகாமல்’ என்னும் அச்சொல்லைத் தமிழகராதிகள் பதிந்து வைத்துள்ளன. மருத்துவ மாணவர் கைக்கொள்ளும் வினாநிரலில் அதற்கு இன்னும் இடமில்லை.